நோட்.ஜேஎஸ் செயலிகளில் பிழை கையாளுதல்: ஒரு விமர்சனம்

நோட்.ஜேஎஸ் செயலிகளில் பிழை கையாளுதல் என்பது, வழங்கியில் (சர்வரில்) இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எதிர்பாராத நிலையைச் சந்திக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்துவைக்கும் முறை. தரவுத்தளம் பதில் தராமல் போவது, பயனாளர் தவறான தேதியைக் கொடுப்பது, பணம் செலுத்தும் சேவை பாதியில் அறுந்துபோவது, நிரலாளரே செய்த எழுத்துப்பிழை ஆகிய எல்லாம் இதில் அடங்கும். 2009ல் நோட்.ஜேஎஸ் அறிமுகமானது முதல் இதற்கான முறைகள் பலமுறை மாறியுள்ளன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு திசை தெரிகிறது. பிழையைச் சத்தமின்றி விழுங்கிய ஒரு மேடை, அதை உரக்கச் சொல்லப் படிப்படியாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

எனினும் அந்த முறைகள் வெற்றி, தோல்வி என்ற இரண்டு முடிவுகளை மட்டுமே அறியும். ‘என்ன ஆனது என்று தெரியவில்லை’ என்ற மூன்றாவது நிலைக்கு அவற்றில் இடமில்லை. பயனாளர் பணத்தையும் நேரத்தையும் இழப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது நிலையில்தான். நோட்.ஜேஎஸ் பிழை கையாளுதல் மீதான முதன்மையான விமர்சனம் இதுவே.

பின்புலம்

நோட்.ஜேஎஸ் ஒரே இழையில் பல கோரிக்கைகளை மாற்றி மாற்றிக் கவனிக்கிறது. தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அடுத்தவரின் வேலையைப் பார்க்கிறது. குறைந்த வளத்தில் அதிகப் பயனாளர்களைத் தாங்க முடிவது இதனால்தான். சிறிய நிறுவனங்கள் இதை விரும்புவதற்கும் இதுவே காரணம்.

இந்த அமைப்புக்கு ஒரு விலை உண்டு. பி.எச்.பி. போன்ற மொழிகளின் வழக்கமான அமைப்பில் ஒரு கோரிக்கை முறிந்தால் அந்த ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்படும். நோட்.ஜேஎஸ்ஸில் ஒரு கோரிக்கையில் பிடிபடாமல் போன பிழை, அதே நிரலில் காத்திருக்கும் மற்ற எல்லாக் கோரிக்கைகளையும் சேர்த்து வீழ்த்தக்கூடும். மேலும், ஒரு வேலையைத் தொடங்கிய இடமும் அதன் பதில் வந்துசேரும் இடமும் வேறு வேறு. எனவே ஜாவாஸ்கிரிப்டின் பழைய ட்ரை–கேட்ச் கட்டுமானம், பின்னர் நிகழும் பிழைகளைப் பிடிப்பதில்லை. ஐந்து வினாடிக்குப் பின் இயங்க வேண்டும் என்று ஒப்படைக்கப்பட்ட செயற்கூறில் பிழை எழும்போது, அதை ஒப்படைத்த ட்ரை–கேட்ச் பகுதி எப்போதோ முடிந்துபோயிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஒரு தங்கும் விடுதி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அதன் அறைகளை இணையத்தில் முன்பதிவு செய்ய ஒரு நோட்.ஜேஎஸ் செயலி இருக்கிறது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய நாட்களில், பரமபத வாசல் திறப்பைக் காண வருபவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். செயலி நான்கு வேலைகளைச் செய்கிறது: அறையைத் தற்காலிகமாக ஒதுக்குகிறது, பணம் பெறுகிறது, முன்பதிவைத் தரவுத்தளத்தில் எழுதுகிறது, குறுஞ்செய்தி அனுப்புகிறது.

இந்த நான்கில் ஒவ்வொன்றும் தனித்தனியே தவறலாம். ஆனால் ஒவ்வொன்றின் பொருளும் வேறு. முதல் படி தவறினால் ‘அறை இல்லை’ என்று சொல்லிவிடலாம். நான்காவது படி தவறினால் முன்பதிவு செல்லும், செய்தி மட்டும் பின்னர் அனுப்பப்பட வேண்டும். இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் இடையில் முறிவு ஏற்பட்டால், மதுரையிலிருந்து புறப்படும் ஒரு குடும்பத்தின் பணம் போயிருக்கும், அறை இருக்காது. நான்கு படிகளையும் ஒரே ட்ரை பகுதியில் போட்டு, கேட்ச் பகுதியில் ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதிய நிரல், இந்த வேறுபாடுகள் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. பயிற்சி நிரல்களில் பரவலாகக் காணப்படும் வடிவம் இதுதான்.

முறைகளின் வரலாறு

நோட்.ஜேஎஸ்ஸை உருவாக்கிய ரயன் டால், 2009 ஜூனில் பிராமிஸ் என்னும் அமைப்பை அதில் சேர்த்து, 2010 பிப்ரவரியில் நீக்கினார். அதன்பின் வழக்கமானது பின்னழைப்பு (கால்பேக்) முறை. வேலை முடிந்ததும் அழைக்கப்படும் செயற்கூறின் முதல் உள்ளீடு பிழைக்கானது. பிழை இல்லையென்றால் அது வெறுமையாக இருக்கும். இந்த ஒப்பந்தம் எளிமையானது. ஆனால் முதல் உள்ளீட்டைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அதைப் பார்க்க மறந்த நிரல், பிழை நடந்ததே தெரியாமல் அடுத்த வரிக்குப் போகும். பல அடுக்குப் பின்னழைப்புகளில் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்ததால், மறதி விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாயிற்று. 2018ல் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் மாநாட்டில், நோட்.ஜேஎஸ் குறித்துத் தான் வருந்தும் முடிவுகளைப் பட்டியலிட்ட டால், பிராமிஸை நீக்கியதையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

சிதறிக் கிடக்கும் பிழைகளை ஓரிடத்தில் சேர்க்க 2012ல் 0.8 பதிப்பில் டொமைன் என்ற கூறு வந்தது. ஒரு கோரிக்கைக்கு உரிய வேலைகளை ஒரு வளையத்துக்குள் வைத்து, அங்கு எழும் பிழைகளைப் பிடிப்பது அதன் நோக்கம். பிழை எழுந்த பின் திறந்து கிடக்கும் கோப்புகள், பாதியில் நின்ற இணைப்புகள், அரைகுறையாக மாறிய தரவுகள் ஆகியவற்றை என்ன செய்வது என்பதற்கு அதனிடம் விடை இல்லை. சில ஆண்டுகளில் அது கைவிடத்தக்கது என ஆவணத்திலேயே குறிக்கப்பட்டது.

2015ல் பிராமிஸ் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரத்திலேயே இடம்பெற்றது. 2017ல் அசிங்க்–அவெயிட் சேர்ந்தது. பின்னர் வந்துசேரும் பிழையையும் ட்ரை–கேட்ச் கொண்டே பிடிக்க முடிந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் அவெயிட் என்ற ஒரு சொல்லை எழுத மறந்தால் அந்தப் பிழை மீண்டும் பிடியிலிருந்து நழுவியது. கவனிக்கப்படாத நிராகரிப்பு என்று இதற்குப் பெயர். 2016ல் 6.6 பதிப்பு முதல் இதற்கு ஓர் எச்சரிக்கை வரி மட்டும் அச்சிடப்பட்டது. 2020 அக்டோபரில் வந்த 15ஆம் பதிப்பில்தான், கவனிக்கப்படாத நிராகரிப்பு நிரலையே நிறுத்தும் என்பது இயல்புநிலை ஆனது.

இம்மாற்றம் சரியானது. ஆனால் அது தாமதமாக வந்ததன் விளைவு கவனிக்கத்தக்கது. 14ஆம் பதிப்பில் எச்சரிக்கையோடு ஓடிக்கொண்டிருந்த அதே நிரல், ஒரு வரிகூட மாறாமல் 15ஆம் பதிப்பில் நின்றுபோனது. நிரலாளர் பலர் இதைப் புதிய பதிப்பின் குறையாகக் கருதி, பழைய நடத்தையை மீட்கும் அமைப்பைத் தேடினர். நெடுங்காலம் மௌனமாக இருந்த ஒரு மேடை, மௌனத்தையே நிலைத்தன்மை என்று தன் பயனாளர்களுக்குக் கற்பித்துவிட்டது.

எக்ஸ்பிரஸ் சட்டகம்

நோட்.ஜேஎஸ் செயலிகளில் மிகுதியும் பயன்படுவது 2010ல் டி.ஜே. ஹோலோவேசுக் உருவாக்கிய எக்ஸ்பிரஸ் சட்டகம். பிழைகளை ஓரிடத்தில் கையாள அது மிடில்வேர் எனப்படும் இடைநிலைச் செயற்கூறைத் தருகிறது. இதன் வடிவமைப்பில் இரண்டு குறைகள் நெடுங்காலம் நீடித்தன.

முதலாவது, பிழைக்கான செயற்கூறை எக்ஸ்பிரஸ் அடையாளம் காணும் விதம். அச்செயற்கூறு நான்கு உள்ளீடுகளை ஏற்க வேண்டும். நான்காவது தேவைப்படவில்லை என்று அதை நீக்கினால், எக்ஸ்பிரஸ் அதைச் சாதாரண இடைநிலைச் செயற்கூறாகக் கொள்ளும். பிழைகள் அதனிடம் வரவே வராது. எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. பயன்படாத உள்ளீடுகளை நீக்கச் சொல்லும் கருவிகளின் அறிவுரையைக் கேட்கும் ஒழுங்கான நிரலாளரே இதில் மாட்டிக்கொள்கிறார்.

இரண்டாவது, அசிங்க் செயற்கூறுகள். 2014ல் வந்த நான்காம் பதிப்பு, ஒரு வழித்தடத்தின் அசிங்க் செயற்கூறில் எழும் நிராகரிப்பைப் பிழைக்கான செயற்கூறுக்கு அனுப்பாது. ஒவ்வொரு வழித்தடத்திலும் நிரலாளரே பிடித்து, நெக்ஸ்ட் வழியாக அனுப்ப வேண்டும். மறந்தால், பயனாளரின் உலாவி பதில் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும், புதிய நோட்.ஜேஎஸ் பதிப்புகளில் வழங்கியே நின்றுவிடும். இக்குறை 2024ல் வெளியான ஐந்தாம் பதிப்பில் தீர்ந்தது. அதன் முதல் சோதனைப் பதிப்பு 2014லேயே வந்திருந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் நோட்.ஜேஎஸ் கற்ற ஒரு தலைமுறை, நான்காம் பதிப்பின் பழக்கங்களோடுதான் வேலைக்குச் சென்றது. திருச்சிராப்பள்ளியில் நவல்பட்டு எல்காட் பூங்காவானாலும் பெங்களூரு அலுவலகமானாலும், பராமரிப்பில் இருக்கும் பழைய செயலிகளில் அந்தப் பழக்கங்களை எதிர்பார்க்கலாம்.

கோப்புகளைத் துண்டு துண்டாக அனுப்பும் ஸ்ட்ரீம் அமைப்பிலும் இதே கதைதான். பைப் என்ற பழைய முறை, மூலத்தில் ஏற்படும் பிழையைச் சேருமிடத்துக்குச் சொல்வதில்லை. முன்பதிவுச் சீட்டைத் தரவிறக்கும் பயனாளருக்குப் பாதிக் கோப்போடு இணைப்பு தொங்கிக்கொண்டிருக்கும். 2018ல் 10ஆம் பதிப்பில் வந்த பைப்லைன் இதைச் சரிசெய்தது. பழைய முறையும் நீக்கப்படாமல் தொடர்கிறது.

வீழ்வதா, தாக்குப்பிடிப்பதா

பிழைகளை இரண்டாகப் பிரிப்பது நோட்.ஜேஎஸ் வட்டாரத்தில் நிலைபெற்ற கருத்து. வலையமைப்பு அறுவது, தவறான உள்ளீடு போன்றவை இயக்கப் பிழைகள். சரியாக எழுதப்பட்ட நிரலும் இவற்றைச் சந்திக்கும். இல்லாத பண்பைப் படிப்பது, உள்ளீட்டை மாற்றிக் கொடுப்பது போன்றவை நிரலாளர் பிழைகள். முதல் வகையைக் கையாள வேண்டும். இரண்டாம் வகையில் நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும் என்பது பரிந்துரை.

நடைமுறையில் இந்தப் பரிந்துரை அடிக்கடி மீறப்படுகிறது. பிடிபடாத பிழை எழும்போது நோட்.ஜேஎஸ் கடைசியாக ஒரு நிகழ்வை அறிவிக்கிறது. திறந்தவற்றை மூடிவிட்டு வெளியேறுவதற்கான வாய்ப்பு அது. அந்த இடத்தில் ஒரு லாக் வரியை மட்டும் எழுதிவிட்டு நிரலைத் தொடர்ந்து ஓடவிடுவது பரவலான பழக்கம். அதன்பின் அந்த நிரலின் நினைவகத்தில் எது சரி, எது அரைகுறை என்று யாருக்கும் தெரியாது. விடுதி எடுத்துக்காட்டில், விடுவிக்கப்படாத தற்காலிக ஒதுக்கீடுகள் சேர்ந்துகொண்டே போய், காலி அறைகள் இருக்கும்போதே ‘அறை இல்லை’ என்று செயலி சொல்லத் தொடங்கலாம்.

மறுபுறம், ‘வீழட்டும்’ என்ற கொள்கையையும் அப்படியே ஏற்க முடியாது. எரிக்சன் நிறுவனத்தில் உருவான எர்லாங் மொழியில் அது பொருந்துகிறது. அங்கு ஒவ்வொரு வேலையும் தனித்த சிறு செயல்முறையில் நடப்பதால், ஒன்று வீழ்ந்தால் அது மட்டுமே வீழும். மேற்பார்வையிடும் செயல்முறை அதை மீண்டும் எழுப்பும். நோட்.ஜேஎஸ்ஸில் ஒன்று வீழ்ந்தால் உடன் இருக்கும் நூறும் வீழும். எனவே இங்கு வீழ்வதற்கும் ஏற்பாடு தேவை: புதிய கோரிக்கைகளை ஏற்பதை நிறுத்துதல், கையில் உள்ளவற்றை முடித்தல், ஒரு கால வரம்புக்குப் பின் வெளியேறுதல், வெளியிலிருந்து மீண்டும் எழுப்ப ஒரு மேற்பார்வைக் கருவி வைத்திருத்தல்.

முன்னேற்பாடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஸ்ரீரங்கத்தின் நிலவியலே ஓர் ஒப்புமை தருகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு அது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. பாசன நீர் காவிரியில் செல்ல வேண்டும், வெள்ளத்தின் மிகுநீர் கொள்ளிடத்தில் போக வேண்டும் என்பது ஏற்பாடு. மிகுநீரைக் கொள்ளும் இடம் என்றே அப்பெயருக்குப் பொருள் சொல்வதுண்டு. இந்தப் பிரிவை ஒழுங்குபடுத்த ஆர்தர் காட்டன் காலத்தில், 1836–38ல், கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டப்பட்டது. வெள்ளம் வந்தபின் வழி தேடாமல், வழியை முதலில் அமைப்பது அதன் அடிப்படை.

அதே மேலணை இன்னொன்றையும் காட்டியது. மேட்டூரிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்ட 2018 ஆகஸ்டில், 22ஆம் தேதி இரவு அதன் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. உடைந்தது மிகுநீருக்கான வழியில் இருந்த கட்டுமானமே. மென்பொருளிலும் பிழைக்கான வழியில் உள்ள நிரலே மிகக் குறைவாக இயங்குவது, மிகக் குறைவாகச் சோதிக்கப்படுவது. டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. கசாண்ட்ரா, எச்பேஸ் உள்ளிட்ட ஐந்து மென்பொருள்களில் நிகழ்ந்த 198 பழுதுகளை அவர்கள் ஆராய்ந்தனர். மிகக் கடுமையான முறிவுகளில் 92 சதவீதம், நிரலே வெளிப்படையாக அறிவித்த சிறு பிழைகளைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை. அவற்றில் வெறுமையாக விடப்பட்ட கையாளிகளும் அடங்கும். அவை நோட்.ஜேஎஸ் மென்பொருள்கள் அல்ல, ஆனால் நோட்.ஜேஎஸ் நிரல்களில் காணப்படும் வெற்றுக் கேட்ச் பகுதிகளுக்கும் முடிவு பொருந்தும்.

மூன்றாவது நிலை

பணம் செலுத்தும் சேவையிடம் செயலி ஒரு கோரிக்கை அனுப்புகிறது. 10 வினாடிகள் பதில் இல்லை. காலம் முடிந்தது என்ற பிழை எழுகிறது. கேட்ச் பகுதிக்கு இது தோல்வி. உண்மையில் மூன்று சாத்தியங்கள் உள்ளன: கோரிக்கை போய்ச்சேரவில்லை, போய்ச்சேர்ந்து மறுக்கப்பட்டது, பணம் எடுக்கப்பட்டுவிட்டது, பதில் மட்டும் திரும்பவில்லை. எது நடந்தது என்று அந்தக் கணத்தில் செயலிக்குத் தெரியாது. இதைத் தோல்வி என்று அறிவிக்கும் நிரல், தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்கிறது. பயனாளர் அதை நம்பி மீண்டும் பணம் செலுத்துகிறார்.

இந்திய ரிசர்வ் வங்கி இந்த மூன்றாவது நிலைக்குப் பெயரும் காலக்கெடுவும் கொடுத்திருக்கிறது. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, யு.பி.ஐ. மூலம் வணிகருக்குச் செலுத்தும்போது கணக்கில் பணம் எடுக்கப்பட்டு, வணிகரிடம் உறுதிப்பாடு வராமல் போனால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு 100 ரூபாய் இழப்பீடு. உறுதிப்பாடு வராமை என்பது வெற்றியுமன்று, தோல்வியுமன்று, தனியாகக் கவனிக்க வேண்டிய நிலை என்பதை இவ்விதி ஏற்கிறது. அதே தெளிவு செயலியின் நிரலிலும் இருக்க வேண்டும்.

அதற்கான வழிகள் புதியவை அல்ல. ஒவ்வொரு முன்பதிவு முயற்சிக்கும், பணம் கேட்பதற்கு முன்பே, தனி எண் கொடுத்துத் தரவுத்தளத்தில் ‘நிலுவை’ என்று எழுத வேண்டும். மீண்டும் முயலும்போது அதே எண்ணை அனுப்பினால், இரட்டைக் கழிவைத் தடுக்கும் வசதியைப் பணச்சேவைகள் தருகின்றன. நிலுவையில் உள்ளவற்றைக் குறித்த இடைவெளியில் பணச்சேவையிடம் விசாரித்து முடிவுக்குக் கொண்டுவரும் தனி வேலை ஒன்று ஓட வேண்டும். இவை எல்லாமே ட்ரை–கேட்சுக்கு வெளியே நடப்பவை. பிழை கையாளுதலை ஒரு மொழிக் கட்டுமானமாக மட்டும் கற்பிக்கும் பாடங்கள் இங்கு வருவதே இல்லை.

பிழையாகத் தெரியாத பிழை

சில தவறுகள் எந்த விதிவிலக்கையும் எழுப்புவதில்லை. ஸ்ரீரங்கம் என்ற ஊர்ப்பெயரே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2005ல் வெளியான யூனிகோடு 4.1 பதிப்பில் ஶகரம் தனி எழுத்தாகச் சேர்க்கப்பட்டது. அதன்பின் ‘ஸ்ரீ’ என்ற வடிவத்தை இரண்டு விதமாக உள்ளிட முடிகிறது: ஸகரத்தில் தொடங்கி, அல்லது ஶகரத்தில் தொடங்கி. யூனிகோடில் ஸகரத்தின் எண் 3000. ஶகரத்தின் எண் 2998. பெரும்பாலான எழுத்துருக்களில் ஸ்ரீரங்கம், ஶ்ரீரங்கம் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

தரவுத்தளத்தில் ஒரு வடிவம் இருக்க, பயனாளரின் விசைப்பலகை மற்றொன்றை உள்ளிட்டால் தேடல் ‘0 விடுதிகள்’ என்று பதில் தரும். நிலைக்குறியீடு 200, லாக்கில் ஒன்றும் இருக்காது. ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் செயற்கூறும் உதவாது. ‘கொள்ளிடம்’ என்பதில் உள்ள கொம்பையும் காலையும் தனித்தனியே உள்ளிட்டிருந்தால் அது ஒன்றாக்கித் தரும். இரண்டு ‘ஸ்ரீ’களையும் சமம் என்று யூனிகோடு வரையறுக்காததால் அவற்றை அப்படியே விட்டுவிடும். நிரலாளரே ஒரு வடிவத்தைத் தேர்ந்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

நீளச் சோதனையும் இப்படித்தான். ஸ்ரீரங்கம் என்பது படிப்பவருக்கு 5 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் கணக்கில் 10. ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்து விதிக்கப்பட்ட எழுத்து வரம்பு, தமிழில் பெயர் எழுதுபவரைத் தவறான உள்ளீடு என்று திருப்பி அனுப்பும். பிழை பயனாளருடையது என்று திரை சொல்லும். உண்மையில் அது நிரலின் பிழை.

செய்தியின் மொழி

பிழைச் செய்தியில் இரு எல்லைத் தவறுகள் காணப்படுகின்றன. ஒன்று, எல்லாவற்றையும் கொட்டுவது. எக்ஸ்பிரஸின் இயல்பான பிழைக் கையாளி, செயலி உற்பத்திச் சூழலில் இயங்குகிறது என்று குறிக்கப்படாவிட்டால், கோப்புப் பெயர்களும் வரி எண்களும் அடங்கிய ஸ்டேக் டிரேஸை உலாவிக்கே அனுப்பிவிடும். பயனாளருக்குப் பயனற்ற அந்த விவரம், தாக்க நினைப்பவருக்குப் பயன்படும். மற்றொன்று, ஒன்றுமே சொல்லாதது. ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்’ என்பது ஆங்கில வழக்கிலிருந்து வந்த சொற்றொடர். பணம் செலுத்திய இடத்தில் ‘பிறகு முயலவும்’ என்பது ஆபத்தான அறிவுரையும்கூட.

பயனாளருக்கு வேண்டியவை மூன்று விடைகள்: பணம் போனதா, அறை கிடைத்ததா, இப்போது என்ன செய்ய வேண்டும். ‘உங்கள் வங்கியிலிருந்து உறுதிப்பாடு இன்னும் வரவில்லை. மீண்டும் பணம் செலுத்த வேண்டாம். அறை அரை மணி நேரம் உங்களுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்’ என்பது நல்ல செய்தி. ஆனால் இந்த வரிகளை எழுதுவதற்கு முன், அறையை அரை மணி நேரம் ஒதுக்கி வைக்கவும், எண்ணைக் கொண்டு தேடவும் நிரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்ச் பகுதியில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்ட செயலியால் நல்ல செய்தியை எழுதவே முடியாது. சொல்வதற்கு அதனிடம் விவரம் இருப்பதில்லை.

அந்த எண் லாக்கிலும் இருப்பது அவசியம். ஒரு கோரிக்கையின் எண்ணை அதன் எல்லா அசிங்க் வேலைகளுக்கும் கொண்டுசெல்லும் வசதியை 2020ல் வந்த அசிங்க் லோக்கல் ஸ்டோரேஜ் தருகிறது. டொமைன் செய்ய முயன்றதில் பயனுள்ள பகுதி இது. விடுதியின் வரவேற்பு மேசையில் இருப்பவர் அந்த எண்ணைக் கேட்டு, இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடிந்தால் பிழை உண்மையில் கையாளப்பட்டிருக்கிறது என்று பொருள்.

மறுதரப்பு

நோட்.ஜேஎஸ்ஸை மட்டும் குறைகூறுவது சரியா என்ற கேள்வி உண்டு. கோ மொழி பிழையைச் சாதாரண மதிப்பாகத் திருப்பித் தருகிறது. அதையும் அலட்சியப்படுத்த முடியும். கட்டாயம் கவனிக்க வேண்டிய விதிவிலக்குகளை ஜாவா கொண்டுவந்தது. வெற்றுக் கேட்ச் பகுதி எழுதி அதைக் கடந்தனர். எந்த மொழியும் அக்கறையைக் கட்டாயமாக்கிவிட முடியாது என்பது உண்மை. சில நாட்களில் ஒரு செயலியை எழுதி இயக்க முடியும் என்ற எளிமையே நோட்.ஜேஎஸ்ஸைச் சிறு ஊர்களின் சிறு நிறுவனங்கள் வரை கொண்டுசேர்த்தது என்பதும் உண்மை.

ஆனால் இயல்புநிலைகள் பழக்கத்தை உருவாக்குகின்றன. மறந்தால் சத்தம் போடும் மேடையில் மறதி குறையும். மறந்தால் மௌனமாக இருக்கும் மேடையில் மறதி பெருகும். எளிமை அதன் பயனாளர்களில் பெரும்பாலோரைத் தொடக்கநிலையினர் ஆக்கியது என்றால், அவர்களைக் காக்கும் இயல்புநிலைகள் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸின் பத்தாண்டுத் தாமதத்துக்கு எளிமையைக் காரணமாகச் சொல்ல முடியாது.

மதிப்பீடு

நோட்.ஜேஎஸ் பிழை கையாளுதலின் வரலாற்றில் மௌனத்திலிருந்து அறிவிப்புக்கு நகர்ந்தது தெளிவான முன்னேற்றம். 15ஆம் பதிப்பும் எக்ஸ்பிரஸ் ஐந்தாம் பதிப்பும் சேர்ந்து, பிழை கவனிக்கப்படாமலே போகும் வாய்ப்பைப் பெருமளவு குறைத்துள்ளன. புதிதாகத் தொடங்கும் செயலிக்கு இவ்விரண்டுக்கும் குறைந்த பதிப்புகளைத் தேர்வதற்குக் காரணம் இல்லை. பழைய செயலிகளில் வெற்றுக் கேட்ச் பகுதிகளையும், பிடிபடாத பிழைக்குப் பின்னும் நிரலை ஓடவிடும் வரிகளையும் தேடி நீக்குவது முதல் வேலை.

மேடை செய்ய வேண்டியது பெரும்பாலும் முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது செயலியை எழுதுபவருடைய பொறுப்பு: ஒவ்வொரு படியும் தவறினால் யாருக்கு என்ன ஆகும் என்று தனித்தனியே எழுதிப் பார்ப்பது, தெரியாத நிலையைத் தெரியாத நிலையாகவே பதிவது, பிழைக்கான வழியை வைகுண்ட ஏகாதசி வரும் முன்பே சோதித்துப் பார்ப்பது. பணச்சேவையைச் சோதனைச் சூழலில் வேண்டுமென்றே அறுத்துவிட்டு, திரையில் என்ன வருகிறது, தரவுத்தளத்தில் என்ன எழுதப்படுகிறது என்று பார்ப்பது ஒரு மாலை நேர வேலை. பாடத்திட்டங்களும் பயிற்சி வகுப்புகளும் ட்ரை–கேட்ச் எழுதக் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்தாமல், இந்தச் சோதனையையும் பாடமாக வைத்தால் நோட்.ஜேஎஸ் செயலிகளின் தரம் உயரும்.